வாகனம் ஓட்டுவோர் மீதுள்ள பொறுப்பு
(மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பற்றிய சட்டமும் மார்க்க விளக்கமும்)

மனிதனின் பிரயாணத்துக்காகக் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் படைத்திருப்பதாகச் சூரா நஹ்லின் 8-ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா கூறுகிறான். அதே வசனத்தில், மனிதர்கள் இன்னும் அறியாதவற்றையும் தான் படைப்பதாக அறிவிக்கிறான். இன்று நம் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரும், காரும், ஆட்டோவும், லாரியும் அந்த அறியாதவற்றில் அடங்கும் என்று முஃபஸ்ஸிரீன்கள் பலர் விளக்கம் தந்திருக்கிறார்கள். வாகனம் ஒரு நிஃமத். நிஃமத் எதுவானாலும் அதைப் பற்றிய கேள்வி கணக்கும் உண்டு.

வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகளுக்கு மக்தபிலேயே கற்றுக் கொடுக்கிறோம். ஆனால் அந்த வாகனத்தால் பிறருக்கு நஷ்டம் நேர்ந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு, அதை எப்படித் தீர்ப்பது என்ற மஸ்அலாவைக் கற்றுக் கொடுப்பவர் குறைவு. “இன்சூரன்ஸ் ஹராம்தானே ஹஜ்ரத், அதைக் கட்டாமல் ஓட்டினால் என்ன?” என்று ஜும்ஆவுக்குப் பின் கேட்பவர்களும் உண்டு. “அபராதம் கட்டினால் தீர்ந்தது” என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் பிழையான எண்ணங்கள். ஆகவே இப்பாடத்தில் முதலில் நாட்டுச் சட்டத்தையும், பிறகு மார்க்கச் சட்டத்தையும், அதன்பின் இரண்டையும் இணைத்து நம் வீடுகளில் செய்ய வேண்டியதையும் பார்ப்போம்.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சம்

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலை 1 முதலாகும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயம் அன்றுதான் அமலுக்கு வந்தது. இப்போது அமலில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146-ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபருக்கு நேரக்கூடிய நஷ்டத்துக்கான பாலிசி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பொது இடத்தில் ஓட்டவும் கூடாது, ஓட்ட விடவும் கூடாது. “ஓட்ட விடவும் கூடாது” என்பதைக் கவனிக்கவும். சாவியைக் கொடுத்தவரும் குற்றவாளியே.

மூன்றாம் நபர் என்பவர் யார்? பாலிசி எடுத்தவர் முதல் நபர். கம்பெனி இரண்டாம் நபர். ரோட்டில் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர் ஆகியோர் மூன்றாம் நபர். இவருக்கு மரணமோ காயமோ ஏற்பட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டைத் தொகை வரம்பின்றிக் கம்பெனி செலுத்த வேண்டும். இவருடைய பொருளுக்குச் சேதம் நேர்ந்தால், பாலிசியில் குறிக்கப்பட்ட வரம்பு வரை செலுத்த வேண்டும். காருக்கு அந்த வரம்பு வழக்கமாக ரூ.7,50,000, இரு சக்கர வாகனத்துக்கு ரூ.1,00,000.

இந்தக் குறைந்தபட்ச பாலிசி உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு காசும் தராது. வண்டி திருட்டுப் போனாலும் தராது. பிறரது ஹக்கைக் காப்பது ஒன்றே அதன் வேலை. இதனுடன், லைசென்ஸ் உள்ள உரிமையாளர் தாமே ஓட்டுபவராக இருந்தால், வேறு தனி விபத்துக் காப்பு இல்லாத பட்சத்தில், ரூ.15 லட்சத்துக்கான சொந்த விபத்துக் காப்பும் சேர்த்து எடுக்க வேண்டும்.

2022 ஜூன் 1 முதல் அமலான கட்டண விகிதப்படி, 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஒரு வருட மூன்றாம் நபர் பிரீமியம் ரூ.2,094. 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை ரூ.3,416. 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ரூ.714. இவற்றின் மேல் வரி உண்டு.

பாலிசி இல்லாமல் ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் ரூ.4,000. உயர்த்தப்பட்ட இந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

கோவையிலிருந்து சென்ற வழக்கு

கோவை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவரான டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்கள், சாலை விபத்துகளில் உயிரும் உறுப்பும் இழப்போரின் பரிதாபத்தை முன்னிட்டு 2012-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாட்டில் ஓடும் ஏறக்குறைய 18 கோடி வாகனங்களில் 6 கோடிக்கு மட்டுமே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற விவரம் அவ்வழக்கில்தான் கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. அதாவது மூன்று வண்டிகளில் இரண்டு, பிறர் உயிருக்கு எந்த ஏற்பாடும் இன்றி ஓடிக் கொண்டிருந்தன.

அதைக் கேட்ட சுப்ரீம் கோர்ட் 2018 ஜூலை 20-இல் உத்தரவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கும், புதிய இரு சக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து வருடத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசி எடுத்தாக வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஷோரூமில் வாங்கும்போது மொத்தமாகக் கட்டியதால் பலர் அதை மறந்தே விடுகிறார்கள். ஐந்து வருடம் முடிந்ததும் அந்த ஸ்கூட்டர் பாலிசி இல்லாத ஸ்கூட்டர் ஆகிவிடுகிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு வண்டியின் பாலிசியையும் இன்றே எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். “முடிந்த பிறகும் ஒரு மாதம் தவணை உண்டு” என்று சிலர் நினைப்பது தவறு. முடிவுத் தேதியின் நள்ளிரவோடு பொறுப்பு முழுவதும் உங்கள் தலைக்கு வந்துவிடும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் மீது இரண்டு கடமைகள் இருப்பதாகச் சூரா நிஸாவின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. ஒன்று, இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் என்னும் உயிரீட்டுத் தொகை. மற்றொன்று, அல்லாஹ்வுக்காகச் செய்யும் கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்ய இயலாத இக்காலத்தில் கஃப்பாரா என்பது இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு நோற்பதாகும். தியத்தின் அளவு நூறு ஒட்டகை. தவறுதலான கொலையில் இதைக் கொன்றவன் தனியாகச் சுமப்பதில்லை. அவனுடைய “ஆகிலா” மூன்று வருடங்களில் செலுத்தும். ஆகிலா என்பது ஆதியில் கோத்திரத்தாரைக் குறித்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் போர்வீரர்களின் பெயர்ப் பதிவேடுகளை ஏற்படுத்திய பின், ஒரே பதிவேட்டில் உள்ளவர்களை ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கினார்கள். ஹனஃபி மத்ஹபின் சட்டம் இதையே ஆதாரமாகக் கொண்டது.

இதிலுள்ள ஹிக்மத்தைச் சிந்தியுங்கள். தவறு செய்தவன் ஏழை என்பதற்காக இறந்தவரின் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது. தவறுதலுக்காக ஒரு குடும்பம் அடியோடு அழியவும் கூடாது. ஆகவே பாரத்தைப் பலர் தோளில் பகிர்ந்து வைத்தது ஷரீஅத். இன்று நமக்குக் கோத்திரமும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆகிலா இல்லாதவனின் பொறுப்பு அவனுடைய சொந்தப் பொருளின் மேல் வரும் என்று பின்வந்த ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

வாகனத்தைப் பற்றியும் நம் ஃபிக்ஹு நூல்கள் மௌனமாக இல்லை. ஹிதாயா ஓதிய மாணவர் யாவரும் பிராணியால் நேரும் குற்றங்களைப் பற்றிய பாடத்தை அறிவர். பொது வழியில் செல்வது எல்லோருக்கும் ஆகுமானது; ஆனால் பிறருக்கு ஆபத்தின்றிச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஆகுமானது. இதுவே அப்பாடத்தின் அடிப்படை விதி. ஏறிச் செல்பவர், தம் பிராணி மிதித்ததற்கும் முட்டியதற்கும் பொறுப்பாளி. ஓடும்போது அது பின்காலால் உதைத்ததற்குப் பொறுப்பாளி அல்லர். ஏனெனில் அதைத் தவிர்ப்பது அவரால் இயலாது. ஆனால் அதே பிராணியை வழியில் நிறுத்தி வைத்தால், உதைத்ததற்கும் பொறுப்பாளி ஆகிவிடுவார். ஏனெனில் வழியில் நிறுத்தாமல் இருப்பது அவரால் இயலக் கூடியதே.

சேலம்–கொச்சி சாலையில் இரவில் விளக்கின்றி நிறுத்தப்படும் லாரிக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா? 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே அதே சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் மாண்டதை நம் பகுதி மறந்திருக்காது. ஒரு நொடியில் பத்தொன்பது குடும்பங்களின் ஹக்கு ஏற்பட்டுவிட்டது.

இக்கால விபத்துகளைப் பற்றிச் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1993-இல் புரூனையில் கூடி முடிவு செய்தது. போக்குவரத்து விதிகளைப் பேணுவது ஷரீஅத்தின்படியும் கடமை. ஓட்டுபவர் தவறுதலாகச் செய்தாலும் பிறருக்கு நேர்ந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாளி. தடுக்கவே இயலாத இயற்கை நிகழ்ச்சி, அடிபட்டவரின் சொந்தச் செய்கை, வேறொருவரின் அத்துமீறல் ஆகியவற்றால் நேர்ந்தால் மட்டுமே அவருக்கு விலக்கு உண்டு.

இன்சூரன்ஸ் ஆகுமா?

வணிக இன்சூரன்ஸ் என்பது நம் உலமாக்கள் எளிதாக அனுமதித்த விஷயம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் ரத்துல் முஹ்தாரில் கப்பல் சரக்கு இன்சூரன்ஸை ஆராய்ந்து, அப்படி வாங்கும் நஷ்டஈடு வியாபாரிக்கு ஆகாது என்று எழுதினார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமியும், நிர்ணய பிரீமியம் கட்டும் வணிக இன்சூரன்ஸில் பெரும் கரர் (நிச்சயமின்மை) இருப்பதால் அது ஹராம் என்றும், பரஸ்பர உதவி முறையிலான கூட்டுறவுக் காப்பு ஆகும் என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984 முதல் தகாஃபுல் என்ற பெயரில் அம்முறை நடைபெறுகிறது. நம் நாட்டில் அந்த வழி இன்னும் திறக்கப்படவில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? சட்டம் கட்டாயமாக்கிய இன்சூரன்ஸை எடுப்பது நிர்ப்பந்தத்தின் காரணமாக ஆகும் என்பது உலமாக்களில் பலருடைய தீர்ப்பு. வாகனம் இன்றி வாழ்வு நடத்துவது இன்று பெரும்பாலோருக்கு இயலாது. திருப்பூரில் பனியன் கொண்டு செல்பவருக்கும், மேட்டுப்பாளையத்தில் காய்கறி ஏற்றுபவருக்கும், உக்கடத்தில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் வண்டிதான் ரிஸ்கின் வழி. ளரூரத் தன் அளவைத் தாண்டக் கூடாது என்பது ஃபிக்ஹின் விதியாதலால், பேணுதலுள்ளோர் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக் கொள்கிறார்கள். சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பைப் பற்றியும், சொந்த விபத்துக் காப்பில் வரும் தொகையைப் பற்றியும் தங்கள் பகுதி முஃப்தியிடம் கேட்டு நடக்கவும்.

ஆனால் பேணுதல் என்ற பெயரில் பாலிசியே எடுக்காமல் ஓட்டுபவர், ஒரு சந்தேகத்திலிருந்து தப்பி நிச்சயமான பாவத்தில் விழுகிறார். அவர் பிறர் உயிரையும் பொருளையும் பணயமாக வைத்து ஓட்டுகிறார். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளால் நன்மை எல்லாவற்றையும் இழந்து நிற்பவனே உண்மையான முஃப்லிஸ் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு

சோமனூரில் தறி ஓட்டும் 32 வயதுத் தொழிலாளி ஒருவர், உங்கள் மோட்டார் சைக்கிள் மோதி மவுத்தாகிவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ரூ.15,000 சம்பாதித்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டின் 2009, 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் வகுத்த முறைப்படி கணக்கிடுவோம். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் ரூ.21,000. சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கு கழித்தால் ரூ.15,750. வருடத்துக்கு ரூ.1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 16. ஆக ரூ.30,24,000. இதன் மேல் வேறு சில இனங்களும் சேரும்.

பாலிசி இருந்தால் இதைக் கம்பெனி தரும். இல்லாவிட்டால் நீங்கள் தர வேண்டும். உங்களால் இயலுமா? இயலாவிட்டால் அந்த எத்தீம் பிள்ளைகள் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வார்கள்? வரியோடு சேர்த்து வருடம் ஏறக்குறைய ரூ.843 கட்டாமல் விட்டதன் முடிவு இது.

வீடுகளில் நடக்கும் தவறுகள்

1. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் வண்டி கொடுப்பது. பால் வாங்கவும் டியூஷனுக்கும் என்று தொடங்கும் பழக்கம் இது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்கில் கம்பெனியை முதலில் நஷ்டஈட்டைச் செலுத்தச் செய்து, பின் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக் கொள்ள அனுமதிப்பது 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல் நடந்துவரும் வழக்கம். பாலிசி இருந்தும் வீடு போகும்.

2. வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் இருப்பது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. வாங்கியவரும் 14 நாட்களுக்குள் பாலிசியில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

3. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. நிக்காஹுக்கும் ஜனாஸாவுக்கும் “குட்டி யானை”யில் ஏறிப் போவதை எங்கும் காண்கிறோம். அப்படிச் சும்மா ஏறிச் செல்பவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தம் சரக்கோடு செல்லும் சரக்குக்காரரின் நிலை வேறு.

4. பின்னால் அமர்பவரை மறப்பது. குறைந்தபட்ச பாலிசி, இரு சக்கர வாகனத்தில் பின்னால் அமர்பவரைக் காக்காது என்று 2006-இல் தீர்ப்பாகியிருக்கிறது. அதாவது உங்கள் பின்னால் அமரும் தாயாரும் மனைவியும் அதில் இல்லை. சிறு தொகை கூடுதலாகக் கட்டி அவர்களையும் சேர்க்கலாம். இது சட்டக் கட்டாயம் அல்ல. எனினும் பிறர் ஹக்கைத் தீர்க்கும் ஏற்பாடாதலால் மூன்றாம் நபர் காப்பின் இனத்திலேயே சேரும் என்று கருத இடமுண்டு. மேலும் ஹனஃபி மத்ஹபில், பருவமடைந்தவர் தம் கவனக் குறைவால் தாயின் மரணத்துக்கு நேரடிக் காரணமானால், கஃப்பாராவோடு அத்தாயின் சொத்தில் வாரிசு உரிமையையும் இழக்கிறார். வண்டியில் ஏற்றும்போது இதை எண்ணினால் வேகம் தானே குறையும்.

விபத்து நேர்ந்தால்

ஓடக் கூடாது. அடிபட்டவரைத் தூக்கி மருத்துவமனையில் சேர்ப்பது சட்டப்படியும் மார்க்கப்படியும் முதல் கடமை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம்” திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வகுத்த வரம்புக்குள், கட்டணம் இல்லை. பிறகு போலீசுக்கும் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

லைசென்ஸ் உள்ள வேறொருவரை “நான்தான் ஓட்டினேன்” என்று சொல்லச் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களில் ஒன்று. அதைக் கொண்டு வாங்கும் பணம் ஒருபோதும் ஹலாலாகாது.

இறந்தவரின் குடும்பத்தாரைச் சிறு தொகைக்குச் சம்மதிக்க வைத்து, வழக்கே இன்றி முடித்துவிடுவதையும் ஜமாஅத்தார் கவனிக்க வேண்டும். சமாதானம் மார்க்கத்தில் ஆகுமானதே. ஆனால் வயது வராத பிள்ளைகளின் பங்கை மன்னித்துவிட யாருக்கும் அதிகாரமில்லை. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்று இப்போது சட்டப்பிரிவு கூறுவதால் தாமதமும் கூடாது. மோதிய வண்டி எதுவென்று தெரியாமற் போனாலும், 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ.50,000-மும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்று ஆரம்பத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்கு அவருடைய தியத்தில் பங்கு கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் இப்னு சுஃப்யான் (ரலி) அறிவித்ததும் தம் கருத்தை மாற்றிக் கொண்டார்கள். விதவையை ஒதுக்கிவிட்டு நஷ்டஈட்டைத் தங்களுக்குள் பிரித்துக் கொள்ளும் கொழுந்தன்மாரும் மாமனாரும் இதை ஓதிப் பார்க்கட்டும்.

முடிவாக

பாலிசி ஒரு காகிதம். அது தியத்தின் பாரத்தை இறக்கலாம். கஃப்பாராவின் இரண்டு மாத நோன்பை எந்தக் கம்பெனியும் நமக்காக நோற்காது. ஆகவே பாலிசி இருக்கிறதென்று வேகமாக ஓட்டுவதும் பிழை. துஆ ஓதிவிட்டோமென்று பாலிசி இன்றி ஓட்டுவதும் பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் பாதையின் ஆபத்துகளிலிருந்து காத்து, எந்த அடியானின் ஹக்கும் நம் கழுத்தில் தொங்காத நிலையில் தன் சந்நிதானத்தில் சேர்ப்பானாக! ஆமீன்.